உல்ரிக்கன் மலையில் ஐவரும் ஒரு நாயும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலின் இரண்டாம் நாள் மாலை பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாற்பது வயதைத் தாண்டிய பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி செயற்குழு கேட்டிருந்தது. பத்து நிமிடத்தில் கலோரிக் கணக்கைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். அதைக் கேட்டு இன்று மாலைத் தேநீரோடு வைத்திருக்கும் ரோல்ஸை ஒருவரும் விட்டுவைக்கப் போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு மலைப் பயணத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். உடல்நலம் அதற்குள்ளேயே வரும்.

இங்கே ஒருத்தி நின்று பேசினாலும் பேச்சு ஐந்து பேருடையது. 1996இல் ஆண்டு 11இல் ஒரே வகுப்பில் இருந்தவர்கள் நாங்கள். இருவர் கொழும்பில் இருக்கிறோம், ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி நோர்வேயின் பேர்கன் நகரத்தில். ஐவரில் இருவர் வைத்தியர்கள். சென்ற ஆண்டு நவம்பர் கடைசிக் கிழமை பேர்கன் தோழியின் வீட்டில் ஐவரும் கூடினோம். விமானச் சீட்டு மலிவான காலம் என்று தேதியைத் தெரிவு செய்தவள் ரொறன்ரோக்காரி. நோர்வேக்கு மலிவான காலத்தில் ஏன் ஒருவரும் போவதில்லை என்பது விமானத்தை விட்டு இறங்கியதும் விளங்கியது. காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் விடிகிறது; பின்னேரம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது.

நோர்வே எங்கள் ஆட்களுக்குப் புதிய நாடு அல்ல. 1956இல் குருநகர் அன்ரனி ராஜேந்திரம் அங்கே போன நாளிலிருந்து ஒரு தொடர்பு உண்டு. எண்பதுகளில் போனவர்கள் பலர் வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்தவர்கள். எங்கள் தோழியின் கணவரும் அப்படி வடக்கே தொடங்கி, பிறகு தெற்கே இறங்கி வந்தவர்தான். பேர்கனைப் பார்த்தால் கொழும்புக்காரருக்கு ஒரு விதத்தில் ஊர் மாதிரி இருக்கும்: இரண்டு ஊரிலும் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. குடை கொண்டுவரும்படி அவள் சொன்னாள். ஒரே வித்தியாசம், அங்கே விழுந்த மழை இரவில் கல்லின் மேல் கண்ணாடியாக உறைந்துவிடும்.

நகரத்தைச் சுற்றி ஏழு மலைகள். அவற்றில் உயரமானது உல்ரிக்கன், 643 மீற்றர். எங்கள் சிவனொளிபாதமலை 2243 மீற்றர் என்று சொல்லிச் சிரித்தோம். பேர்கன்காரி சிரிக்கவில்லை. "உயரத்தைப் பாக்காதே, படியைப் பார்" என்றாள்.

அந்தப் படிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையின் செங்குத்தான பக்கத்தில் 1300க்கு மேற்பட்ட கற்படிகள் இருக்கின்றன. அவற்றை அமைத்தவர்கள் நேபாளத்திலிருந்து வந்த ஷேர்ப்பாக்கள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்து நோர்வேயின் மலைப்பாதைகள் பலவற்றை அவர்கள்தான் கல் அடுக்கித் திருத்தி வருகிறார்கள். சீமெந்து கிடையாது. ஒரு கல்லின் பாரம் அடுத்த கல்லைப் பிடித்து நிற்கிறது. நல்லதண்ணியிலிருந்து ஏறும் பாதையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை நடுங்கும் முழங்காலோடு எண்ணியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆனால் அங்கே வழி முழுக்க மின்விளக்கு, தேத்தண்ணிக் கடை, பின்னாலிருந்து தள்ளும் சனம். முதன்முறை வந்தவர் நூலும் ஊசியும் கொண்டுவந்தாரா என்று விசாரிக்க ஆள் உண்டு. எத்தனையாம் தடவை என்று மேலே மணி அடித்துச் சொல்லலாம். உல்ரிக்கனில் நவம்பர் மாதம் ஒரு வேலை நாளில் எங்களைத் தவிர இரண்டு பேரைத்தான் கண்டோம். இருவரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இனி நாய். அதன் பெயர் மணி. சாம்பல் நிறம், சுருண்ட வால், எல்க்ஹவுண்ட் என்ற நோர்வே வேட்டைநாய் இனம். வீதியில் அதைக் கூப்பிடும்போது அயலவர்கள் இவள் பணத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பார்களாம். நாயோடு மலை ஏறுவது என்றதும் எங்களில் மூவருக்குக் குளிர் பயம் போய் நாய்ப் பயம் வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. எண்பதுகளில் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாய் என்றால் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான். (அந்த ஊசி இப்போது இல்லை. கையில் போடும் தடுப்பூசிதான். ஆனால் நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பது இன்றும் மாறவில்லை. மேடை கிடைத்திருக்கிறது, சொல்லிவிடுகிறோம்.) நோர்வேயின் பெருநிலத்தில் விசர்நாய் நோய் இல்லை என்று தோழி சத்தியம் பண்ணிய பிறகுதான் மணியின் தலையைத் தொட்டோம்.

குளிருக்கு உடுப்பது ஒரு பாடம். கொழும்பிலிருந்து போன நாங்கள் நல்ல தடித்த பருத்திச் சட்டைகள் கொண்டுபோயிருந்தோம். பேர்கன்காரி அவ்வளவையும் அலுமாரியில் பூட்டிவிட்டு, உடம்போடு ஒட்டும் கம்பளி உள்ளாடை தந்தாள். ஏறும்போது வியர்க்கும். வியர்வையைப் பருத்தி பிடித்து வைத்துக்கொள்ளும். நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். அதற்கு மேல் ஒரு தடித்த சட்டை, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஒன்று. ஏறும்போது ஒன்றைக் கழற்ற வேண்டும், நிற்கும்போது உடனே போட வேண்டும். சப்பாத்துக்கு அடியில் மாட்டுவதற்கு இரும்புப் பல் வைத்த ரப்பர் வளையம். நோர்வேயில் அதை வயதானவர்கள் கடைக்குப் போகும்போதும் மாட்டுகிறார்கள். இடுப்பெலும்பு முறிவு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவாகும் நாடுகளில் நோர்வேயும் ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு எவ்வளவு வேகமாக இளைக்கும் என்பது நமக்கும் பொருந்தும். நம்மவர்கள் விழுவது பனியில் அல்ல, குளியலறையில்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இன்சுலின் போடுகிறவள். அவள் இடாப்பில் இலக்கம் 22. இந்த உரை முழுவதும் அவளை அப்படித்தான் அழைக்கப் போகிறோம். அவள் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். இதையெல்லாம் இங்கே சொல்லும்படி எங்களை வற்புறுத்தியவளும் அவள்தான். இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும். ஆகவே பேனையை வெளிப்பையில் வைக்காமல் உள்ளாடைக்கு மேலே, உடம்பின் சூட்டில் வைத்திருந்தாள். சீனி பார்க்கும் கருவியும் அங்கேதான். குளிரில் அது வேலை செய்யாது, அல்லது பிழையாகக் காட்டும். காலையில் மருந்தளவைக் குறைத்துப் போட்டு, நன்றாகச் சாப்பிட்டும் இருந்தாள். குளுக்கோஸ் வில்லைகள் ஐந்து பேரின் பையிலும் இருந்தன. வெள்ளவத்தையில் வாங்கிக்கொண்டுபோன பனங்கட்டியும் இருந்தது. சொக்கலேற் அந்தக் குளிரில் கல்லாகிவிடும், பல்லுக்குத்தான் ஆபத்து.

இடாப்பு என்றோம் அல்லவா? அதுதான் எங்கள் பயணத்தின் முக்கிய சாமான்.

உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் ஹைப்போதேர்மியா என்கிறோம். முதலில் நடுக்கம் வரும். பிறகு கை தடுமாறும், கால் தடுமாறும், பேச்சுக் குழறும். மோசமான விஷயம், அது வருகிறவளுக்குத் தெரியாது. "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் நடவுங்கோ" என்பாள். இரத்தத்தில் சீனி குறைந்தாலும் கிட்டத்தட்ட அதே தோற்றம்தான்: நடுக்கம், குழறல், எரிச்சல், அதே "எனக்கு ஒண்டுமில்லை". குளிரில் எது எது என்று பிரிப்பது வைத்தியருக்கே கடினம். ஆகவே வெளியே நிற்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டோம். நிற்கும் இடமெல்லாம் பெருவிரலால் அதே கையின் சின்னவிரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதோடு, ஆண்டு 11 வரவு இடாப்பை ஆளுக்கு எட்டுப் பெயராக ஒப்புவிக்க வேண்டும். மொத்தம் முப்பத்தெட்டுப் பெயர். கடைசி ஆளுக்கு ஆறு.

இது விளையாட்டாகத் தொடங்கியது. ஆனால் அந்த இடாப்பு எங்களுக்கு எப்படி மனப்பாடமானது என்பதைச் சொன்னால்தான் இளையவர்களுக்கு விளங்கும். அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் வலிகாமம் ஓர் இரவில் வெறுமையானது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வந்த பிள்ளைகள் வருட நடுவில் சேர்ந்தார்கள், லொட்ஜ் அறைகளிலிருந்து பாடசாலைக்கு வந்தார்கள். வேறு பிள்ளைகள் ஒரு திங்கட்கிழமை வராமல் விட்டார்கள். கனடாவாம், ஜேர்மனியாம், சிலவேளை ஒரு தகவலும் இல்லை. ரீச்சர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுவார். ஆனால் கூப்பிடும்போது அந்தப் பெயரையும் விடாமல் கூப்பிடுவார். ஒரு நொடி பொறுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். காலை தோறும் அப்படிக் கேட்டுக் கேட்டு அந்த வரிசை எங்களுக்குள் இறங்கிவிட்டது. பெருக்கல் வாய்ப்பாடு மறந்தவர்களுக்கும் அது மறக்கவில்லை.

காலை பத்தரைக்கு ஏறத் தொடங்கினோம். வானம் தெளிவு, காற்று இல்லை. கீழ்ப்படிகள் ஈரம் மட்டும். முந்நூறு படி தாண்டியதும் கல்லின் ஓரங்களில் பனிக்கட்டி தெரிந்தது. அது வெள்ளையாக இருந்தால் நல்லது, கால் பிடிக்கும். நிறமே இல்லாமல் ஈரக் கல் மாதிரி மினுங்கும் பனிதான் ஆபத்து. மணி முன்னால் போனான். நாய்க்கு நான்கு கால், தாழ்ந்த உடம்பு, சொந்தமாகவே இரும்புப் பல் மாதிரி நகம். அவனுடைய பாதம் உறையாததற்கும் காரணம் உண்டு: பாதத்துக்குப் போகும் சூடான இரத்தமும் அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுவதால், போகிற சூடு வருகிற இரத்தத்துக்குக் கைமாறிவிடுகிறது. மருத்துவ பீடத்தில் நாங்கள் இதைப் படித்தது வேறு உறுப்புகளுக்கு. நாயின் காலில் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டு தடவை நின்றோம், இரண்டு தடவையும் இடாப்பு முழுசாக வந்தது. கோடு போட்ட பெயர்கள் வரும் இடத்தில் எல்லோரும் ரீச்சரைப் போலவே ஒரு நொடி பொறுத்தோம். யாரும் சொல்லி வைத்துச் செய்ததல்ல.

மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருப்போம். காற்று எழுந்தது. மேலே உச்சிக்குக் கம்பிக் கார் ஒன்று போய்வருகிறது. அடிவாரத்தில் ஹவுக்கலான்ட் என்ற பெரிய வைத்தியசாலைக்குப் பக்கத்திலிருந்து புறப்படுவது. நடந்து ஏறி அதில் இறங்குவதுதான் எங்கள் திட்டம். அந்தக் கார் கம்பியில் காணவில்லை. பேர்கன்காரி தொலைபேசியில் பார்த்தாள்: காற்றினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இன்னும் இருபது முப்பது நிமிடம் ஏறினால் உச்சி. ரொறன்ரோக்காரி, "முன் வைத்த காலைப் பின் வைக்கிறதோ?" என்றாள். எங்கள் வீடுகளில் அந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? சிவனொளிபாதமலையில் பாதி வழியில் திரும்பியவரை நாங்கள் கண்டதே இல்லை. அங்கே திரும்பி வருவது குற்றம் மாதிரி.

அந்த நேரம் மணி ஒரு படியில் இருந்துவிட்டான். இழுத்தால் வரவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பேர்கன்காரி குந்தியிருந்து பாதத்தைப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவில் மயிரோடு சேர்ந்து பனி, கச்சான் கொட்டை அளவில் உருண்டையாக இறுகியிருந்தது. கையுறையைக் கழற்றி, தன் விரற்சூட்டில் அதைக் கரைக்கத் தொடங்கினாள். "இவன் வரமாட்டான். இவன் வராட்டி நாங்களும் போகேலாது" என்றாள், ஒரு கோபமும் இல்லாமல், பஸ் இல்லை என்று சொல்கிற மாதிரி.

நின்றோம் அல்லவா, ஆகவே விரல், இடாப்பு. இலக்கம் 22இன் முறை 17இலிருந்து. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது சொன்னாள். பிறகு நின்றாள். அது கோடு போட்ட இடமல்ல. அவள் நின்றது தன் அடுத்த கதிரையில் ஐந்து வருடம் இருந்தவளின் பெயரில். திரும்பப் பதினெட்டைச் சொன்னாள். சொல் தடித்திருந்தது. சின்னவிரலைத் தொடச் சொன்னோம். "என்னடி வகுப்பு நடத்துறீங்கள்" என்று சினந்தாள். எங்களில் அதிகம் சிரிக்கிறவள் அவள்.

உள்பையிலிருந்து கருவியை எடுத்துப் பார்த்தோம். 3.1. நாலுக்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. குளுக்கோஸ் வில்லைகளைச் சப்பக் கொடுத்தோம். மேலே இன்னொரு சட்டை போட்டு, கல்லில் நேரடியாக உட்காராமல் முதுகுப்பையின் மேல் இருத்தி, காற்றுப் படாமல் சுற்றி நின்றோம். மணியையும் அவள் மடியில் ஏற்றினோம். நாயின் உடம்பு எங்களுடையதைவிட ஒரு பாகையாவது சூடு. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 4.6. பிறகு பாணும், பனங்கட்டித் துண்டும், பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணியும். முகத்தில் அவள் திரும்பி வந்தாள். முதல் வார்த்தை, "இருபதாம் இலக்கத்திலை நிண்டனான் என்ன?"

சீனி சரியாகிவிட்டது, இனி ஏறலாமே என்று கேட்கலாம். இன்சுலின் போடுகிறவருக்கு நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு பல மணி நேரம், இரவிலும்கூட, சீனி மறுபடி இறங்கும். ஒரு தடவை இறங்கிய அன்று அடுத்ததின் எச்சரிக்கை மங்கலாகத்தான் வரும். காற்று ஏறிக்கொண்டிருந்தது, வெளிச்சம் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும், கம்பிக் காரும் இல்லை. திரும்பினோம். வாக்கெடுப்பு நடத்தவில்லை.

நோர்வேயில் மலைக்குப் போவோருக்கு ஒன்பது விதிகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்த பிறகு நாடு முழுக்கப் பரவியவை, 2016இல் திருத்தி எழுதப்பட்டவை. எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. ஒரு நாடு அதை விதியாக எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், வெட்கம் அங்கேயும் இருந்திருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இறங்குவதுதான் கடினம். வயல் வரம்பில் மழைநாளில் நடப்பது போல முழங்காலைச் சற்று மடித்து, பாதத்தைத் தட்டையாக வைத்து, சிறு சிறு அடி. சில இடங்களில் இருந்து இருந்து இறங்கினோம். நாயின் வாரை ஒருபோதும் மணிக்கட்டில் சுற்றக் கூடாது. இறக்கத்தில் அது ஓர் இழுப்பு இழுத்தால் கையை ஊன்றி விழுவோம், மணிக்கட்டு முறியும். மணியை அவிழ்த்துவிட்டோம். பத்துப் படி முன்னால் போய், நின்று, எல்லோரும் வருகிறோமா என்று பார்த்துவிட்டு அடுத்த பத்துப் படி. ஏறினதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அடிவாரத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி உலாவுகிறது. மணி மோப்பம் பிடித்து 22ஐக் காப்பாற்றினான் என்று ஒருத்தி எழுதினாள். இன்னொருத்தி, தருமருக்குப் பின்னால் இமயமலை ஏறிய நாயை இழுத்துவந்துவிட்டாள். சீனி குறையும்போது மூச்சில் வரும் மாற்றத்தை மணந்து எச்சரிக்கப் பழக்கிய நாய்கள் இருப்பது உண்மை. மணி அப்படிப் பழகியவன் அல்ல. அவன் காலில் பனி இறுகியது, நோ எடுத்தது, இருந்துவிட்டான். அவனுக்காக நாங்கள் நின்றோம், நின்றதால் இடாப்பைச் சொன்னோம். வைத்தியர்களாக இதற்கு மேல் எங்களால் சொல்ல முடியாது. ஆனால் 22 அவனுக்கு லண்டனிலிருந்து மாதம் ஒரு பார்சல் அனுப்புகிறாள். அதைத் தடுக்கவும் எங்களால் முடியாது.

அன்றிரவு வீட்டில், மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பி 22இன் சீனியைப் பார்க்க முறை வைத்திருந்தோம். ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. ரசம் குடித்துக்கொண்டு இடாப்பை முதலிலிருந்து எடுத்தோம், இம்முறை சோதனைக்காக அல்ல. யார் எங்கே என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதினோம். முப்பத்தெட்டில் முப்பத்தொரு பேரைத் தெரியும். இருவர் இல்லை, ஒருத்தி முள்ளிவாய்க்காலில், ஒருத்தி புற்றுநோயில். மிச்சம் ஐவர். அவர்களைப் பற்றி 1996க்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ஐந்து பெயர்களையும், அவர்கள் அப்போது இருந்த ஒழுங்கைகளையும் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பதிவு மேசையில் கேட்டால் காட்டுவார். எவருக்காவது ஏதாவது தெரிந்தால், கலியாணம் முடித்து மாறிய பெயர் என்றாலும், எந்த நாடு என்பது மட்டும் என்றாலும், போகும் முன் ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். வரும் டிசம்பர் பூரணையில் பருவம் தொடங்கியதும் சிவனொளிபாதமலைக்குப் போக இருக்கிறோம். இதுவரை பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இடாப்பு எங்களோடு வரும்.